படத்துக்கு வெளியே விழுந்த நாற்பத்தொரு புள்ளிகள்

அவளுக்கு வாயை விடக் கை நீளம். பள்ளிக்கூடத்தில் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்த பையனின் காதைக் கடித்து இரண்டு தையல் போட வைத்தவள். அம்மா போனபோது அவளுக்குப் பதினெட்டு வயது, தங்கைக்கு ஒன்பது. அப்பா என்று ஒருவர் இருந்ததாகக் கேள்விதான். அன்றிலிருந்து சின்னவளுக்குச் சோறு போட்டதும் அவள்தான், வாய்ப்பாடு தப்பினால் இரும்பு ஸ்கேலால் முழங்கையில் போட்டதும் அவள்தான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்வாங்க. நமக்குத்தான் அண்ணன் தம்பியே கிடையாதே, வா இப்படி" என்பாள். அடித்த கையாலேயே எண்ணெய் தடவியும் விடுவாள். சின்னவளுக்கு அடி பழகிப்போனதற்கு அந்த வீடும் ஒரு காரணம். இதை மூத்தவளே பின்னாளில் யார் கேட்டாலும் சொன்னாள்.

பிழைப்புக்கு முதலில் நிலம் அளக்கும் அலுவலகத்தில் கம்பு பிடிக்கப் போனாள். வெயிலில் கம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கம்பைப் பிடித்தபடியே, கருவியில் பார்த்தவர் கூவிய எண்களை மனதில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் கணக்குப் போட்டவரின் தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. பிறகு ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் உதவியாளாகச் சேர்ந்து, இருபது வருஷத்தில் அந்த அறைக்கே பொறுப்பாளானாள். காலையில் கதவைத் திறப்பதும் அவள், ரிப்போர்ட்டில் கடைசிக் கையெழுத்துப் போடுவதும் அவள். எல்லாருக்கும் அவள் 'புள்ளியக்கா'.

காரணம் இருந்தது. அந்த அறையில் கருவியிடம் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள். நீ சொல்கிற இடம் உண்மையான இடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? அதை எத்தனை நொடி தாமதமாகச் சொல்கிறாய்? முதல் கேள்விக்கு மொட்டை மாடியில் சிமென்டில் பதித்த ஒரு பித்தளை ஆணி இருந்தது. அந்த ஆணியின் இடம் விரல்கடை பிசகாமல் தெரியும். கருவியை அதன் மேல் ஒரு நாள் முழுக்க வைத்து, அது சொன்ன இடங்களையெல்லாம் தாளில் புள்ளிகளாக வைப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு வேன் இருந்தது. வேனின் கூரையில் ஒசத்தியான கருவி ஒன்று, அதன் பக்கத்தில் சோதனைக்கு வந்த கருவி. இரண்டும் சொல்வதை ஒப்பிட்டால் தாமதம் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புள்ளி, கீழ்க்கோட்டில் நொடிகள். அவள் வரைந்த படங்களில் கோணல் இருக்காது, எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. வாடிக்கையாளர்கள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

கைதிகள் காலில் கட்டும் பட்டைக்கான கருவி ஒன்று ஒரு நாள் சோதனைக்கு வந்தது. ஜாமீனில் இருப்பவன், 'இன்னார் வீட்டுப் பக்கம் போகக்கூடாது' என்று உத்தரவு வாங்கியவன், இவர்கள் காலில் பூட்டுவது. மூடிய இடத்திலிருந்து தெருவுக்கு வந்தால் எவ்வளவு நேரத்தில் சரியான இடத்தைச் சொல்கிறது என்று ஆயிரம் தடவை பார்த்தாள். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது தடவை இருபது நொடிக்குள் சொல்லிவிட்டது. மீதி நாற்பத்தொரு தடவை, பேஸ்மென்ட் மாதிரியான இடத்திலிருந்து வந்தபோது, நாலு நிமிஷம் முதல் பதினோரு நிமிஷம் வரை அதற்கு வானமே பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டாலாவது பரவாயில்லை. அந்தத் திருட்டுக் கருவி கடைசியாகத் தெரிந்த பழைய இடத்தையே எடுத்து, புது நேரத்தை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

படம் வரைய உட்கார்ந்தாள். கீழ்க்கோட்டைப் பதினோரு நிமிஷம் வரை நீட்டினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் புள்ளிகளும் இடது ஓரத்தில் ஒரே கோடாக நசுங்கிவிட்டன. பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டை அறுபது நொடியோடு வெட்டினாள். புள்ளிகள் விரிந்து, படம் மூச்சு விட்டது. 'நாற்பத்தொரு புள்ளிகள் படத்துக்கு வெளியே' என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டாள். அந்த ஒரு வரியால் பக்கம் அடுத்த தாளுக்குத் தாவியது. குறிப்பை எடுத்துவிட்டாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மேலாளருக்கு ஆபீசில் 'சராசரி' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "சராசரி என்னம்மா?" என்பார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பளிச்னு இருக்கும்மா" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இதற்குள் சின்னவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் தங்கமானவன். பாதியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்ட கிழவியைத் தோளில் சுமந்து இறக்கியவன். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டால் வேறு ஆள். முதல் வருஷம் கை, இரண்டாம் வருஷம் பெல்ட். நாலாம் வருஷம் சின்னவளின் தலையைக் கழிவறைக் கதவில் வைத்துக் கதவைச் சாத்தினான். மூத்தவள் குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு போய் அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அதற்கும் சேர்த்துச் சின்னவள்தான் வாங்கினாள். காது சவ்வு கிழிந்தது. அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கோர்ட் அவன் காலில் பட்டை பூட்டச் சொன்னது. சின்னவள் இருக்கும் வாடகை வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அவன் வரக்கூடாது. வந்தால் போலீஸுக்கும் சின்னவள் போனுக்கும் மணி அடிக்கும். சின்னவளே எப்போது வேண்டுமானாலும் போனைத் திறந்து அவன் எங்கே என்று சிவப்புப் புள்ளியாகப் பார்த்துக்கொள்ளலாம். பட்டையின் மாடல் எண்ணைக் கேட்டதும் மூத்தவளுக்கு அந்த நாற்பத்தொன்று ஞாபகம் வந்தது. வந்ததை அவள் உதறிவிட்டாள். ஆயிரத்தில் நாற்பத்தொன்றுதானே. தவிர, சின்னவள் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. பால்காரர் மணியடித்தால்கூட அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

"நீ சோதிச்சதாக்கா இது?" என்று கேட்டாள் சின்னவள்.

"என் கையெழுத்துடீ. போனைப் பாரு, புள்ளியைப் பாரு, அப்புறம் கதவைத் திற. புள்ளி அவன் வீட்டுல இருந்தா அவன் அவன் வீட்டுல இருக்கான். பொய் சொல்லாது."

அன்று சின்னவள் பத்து மணி நேரம் தூங்கினாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு தூக்கத்துக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குக் குப்பை வண்டியின் மணி கேட்டது. சின்னவள் பையைக் கட்டினாள். போனைப் பார்த்தாள். புள்ளி அவன் வீட்டிலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, அசையாமல் இருந்தது. நேரமும் ஒன்பது ஐம்பது என்றே காட்டியது. கதவைத் திறந்தாள்.

ஹெல்மெட்டோடு படிக்கட்டில் நின்றிருந்தான். உள்ளே தள்ளிக் கதவைக் காலால் சாத்தினான். கையில் லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் முழ நீள ஸ்பேனர். முதல் அடி தடுத்த கையில் விழுந்து இரண்டு விரல் முறிந்தது. இரண்டாவது தாடையில். விழுந்தவளின் தலைமுடியைப் பிடித்துத் திருப்பி மூன்றாவதை வலது கண்ணில் இறக்கினான். நாலாவது எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போகும்போது அவள் போனைக் காலால் அவள் பக்கம் தள்ளி, "பாத்துக்கோ, நான் வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தபோது தரை முழுக்க ரத்தம். குப்பைப் பை அவிழ்ந்து கிடந்தது. மூத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. சின்னவள் இடது கையால் சீட்டில் எழுதினாள்: 'புள்ளி பாத்துட்டுத்தான் திறந்தேன்.' மூத்தவள் அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய், சுவரில் தன் தலையை மூன்று தடவை மோதினாள். நர்ஸ் வந்து பிடித்துக்கொண்டாள்.

அவனைப் பிடித்தார்கள், பதினெட்டே நாளில் ஜாமீனில் விட்டார்கள். ஹெல்மெட் போட்ட ஆளின் முகத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. சின்னவள் சொல்வதற்கு எதிராக அவன் வக்கீல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, அன்று காலை முழுக்கப் பட்டை அவன் வீட்டிலேயே இருந்ததாகச் சொல்லும் பதிவு. மற்றது, அந்தக் கருவியின் சோதனை ரிப்போர்ட். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை இருபது நொடிக்குள் சரியான இடம். படத்தில் அறுபது நொடியைத் தாண்டி ஒரு புள்ளிகூடக் கிடையாது. போய், அடித்து, திரும்பி வர எட்டு நிமிஷமாவது வேண்டும். எட்டு நிமிஷம் இந்தக் கருவியை யார் ஏமாற்ற முடியும்? அடியில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள், அடிபட்டவளின் அக்காவுடையது. வேலியே சாட்சி சொல்கிறது என்றார் வக்கீல்.

மூத்தவளுக்கு எப்படி நடந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. அவன் வீடு ஒரு அடுக்குமாடியின் தரைத்தளம். லிஃப்டில் பேஸ்மென்டுக்கு இறங்கினால் பட்டை வானத்தை இழக்கும். அங்கிருந்து பைக்கில் தெருவுக்கு வந்தால், நூற்றில் நாலைந்து தடவை, அது பழைய இடத்தையே பாடிக்கொண்டிருக்கும். எத்தனையோ நாள் வெளியே போய் வந்து, கண்காணிப்பு ஆபீசிலிருந்து போன் வருகிறதா என்று பார்த்துப் பழகியிருக்கிறான். வட்டத்தின் விளிம்பு வரை வந்து புள்ளி நகர்ந்தால் திரும்பிப் போயிருப்பான். நகராத ஒரு நாள் உள்ளே வந்துவிட்டான்.

சோதனை அறையிலிருந்து அதே மாடல் பட்டை ஒன்றை எடுத்துத் தன் கணுக்காலில் பூட்டிக்கொண்டாள். யாரிடமோ பைக் வாங்கி, ஒசத்திக் கருவியை, அதைத் தாங்கும் இரும்பு முக்காலியோடு, பின்னால் கட்டினாள். அவன் கட்டடத்தின் பேஸ்மென்டில் பத்து நிமிஷம் நிற்பது, பைக்கில் சின்னவள் வீட்டுக்குப் போவது, உள்ளே இரண்டு நிமிஷம் இருப்பது, திரும்பி வருவது. இப்படி அறுபது தடவை செய்வது என்று முடிவு. காவலாளியிடம் வேலை விஷயம் என்று சொல்லி, கம்பெனி அட்டையைக் காட்டினாள். மூன்று நாளில் முப்பத்தேழு ஓட்டம் முடிந்தது. ஒரே ஒரு ஓட்டத்தில் புள்ளி கடைசி வரை நகரவில்லை.

முப்பத்தெட்டாவதுக்கு நின்றபோது லிஃப்ட் திறந்து அவன் வந்தான்.

"என்னக்கா, சௌக்கியமா?" என்றான். அவள் காலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், சிரித்தான். "ஜோடிப் பொருத்தம். உங்க கையெழுத்து ரொம்ப அழகுக்கா. பூஜை பண்ணலாம்னு வக்கீலே சொன்னார்."

முதல் அடி அவளுடையதுதான். முக்காலியைப் பிடுங்கி அதன் இரும்புக் காலால் அவன் புருவத்தில் போட்டாள். பிளந்துகொண்டது. இன்னொரு தடவை ஓங்குவதற்குள் அவன் அவள் கழுத்தைப் பிடித்துத் தூணில் மோதினான். வாயில் இரண்டு பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது. அவன் கட்டை விரல் உதட்டருகே வந்தபோது மீதிப் பல்லால் கடித்து எலும்பில் நிறுத்தினாள். அலறிக்கொண்டே விலாவில் உதைத்தான். காவலாளி தடியோடு வந்து நடுவில் விழுந்து, இரண்டு பேரையும் பிரித்து, இரண்டு பேரையும் திட்டினார். முதலில் அடித்தது அவள் என்று காவலாளியின் கேமராவில் இருந்ததால் அவள் புகார் கொடுக்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை, அடுத்த வாய்தாவில் நல்லபிள்ளையாக நிற்க வேண்டும். மறுநாள் தையல் போட்ட வாயோடு வேறொரு கட்டடத்தின் பேஸ்மென்டுக்குப் போய் முப்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தாள். அறுபதில் மூன்று தடவை புள்ளி நகரவில்லை.

அரசுத் தரப்பு வக்கீல் ஒரு நடுவயசு அம்மா. அறுபது ஓட்டத்தையும் வரைந்த படத்தைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார்.

"இது நிக்காதும்மா. நீங்க அவளுக்கு அக்கா. சம்பவத்துக்கு அப்புறம், நீங்களே கட்டி, நீங்களே ஓட்டி, நீங்களே வரைஞ்சது. நடுவுல அவனோட அடிதடி வேற. அஞ்சு நிமிஷத்துல கிழிச்சுப் போட்டுருவாங்க."

"அப்போ அவன் போயிருவானா?"

"போயிருவான். சம்பவத்துக்கு முன்னாடி, யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லாதப்போ அளந்தது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவள்தான். எந்தச் சோறு, எந்தத் தட்டு என்பதும் அவளுக்குத்தான் தெரியும். சோதனை அறைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் ஓட்டமும் தேதியோடு அப்படியே கிடந்தது. அதைக் கொடுத்தால் அவன் மாட்டுவான். கொடுத்தால், பதினாலு மாதமாகத் தெரிந்தே இருந்தாள் என்பது சின்னவளுக்கும் தெரிந்துவிடும்.

"இருக்கு" என்றாள்.

கோர்ட்டுக்கு நாலு நாள் இருந்தது. சின்னவள் அப்போது மூத்தவள் வீட்டில்தான் இருந்தாள். மூத்தவள் கஞ்சியைக் குழாயில் ஊற்றிக் கொடுப்பாள், கண் குழியைத் துடைத்துக் கட்டுவாள், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். "பல்லு வலிக்குதாக்கா?" என்று கம்பிக்குள்ளிருந்து கேட்பாள் சின்னவள். ஆமாம் என்பாள் மூத்தவள். ஊரில் எவன் காதையும் கடிக்கத் துணிந்தவளுக்கு நாலு நாளில் நாலு வார்த்தை சொல்லத் துணிவு வரவில்லை. கோழைத்தனம்தான், அதற்கு வேறு பேர் கிடையாது.

கூண்டில் ஏறினாள். புதிய படத்தைச் சுவரில் காட்டினார்கள். கீழ்க்கோடு பதினோரு நிமிஷம் வரை நீண்டிருந்தது. இடது ஓரத்தில் நசுங்கிய கோடு. வலது பக்கம், வெள்ளைத் தாளில், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பத்தொன்று.

அவன் வக்கீல் எழுந்தார். "கம்பெனி கொடுத்த படத்துல இதெல்லாம் ஏன் இல்லை?"

"நான் வெட்டினேன்."

"யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. படம் பாக்க நல்லா இல்லை, அதனால வெட்டினேன்."

"அப்போ நீங்க கையெழுத்துப் போட்டது பொய்?"

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுன்னு எழுதினது நெஜம். மிச்சத்தை நான் எழுதலை."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆள் கால்ல பட்டையைப் பூட்டினப்போ இது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

அவள் தங்கை பக்கம் திரும்பவில்லை. "இல்லைங்க. புள்ளியை நம்புன்னு சொன்னேன்."

அன்றே அவன் ஜாமீனை ரத்து செய்தார்கள். போலீஸ் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் பெஞ்சை உதைத்துத் தள்ளினான், மூத்தவளின் குடும்பத்தையே கெட்ட வார்த்தையில் இழுத்தான். பின்னால் பதினாறு வருஷம் தீர்ப்பானது. பட்டைகளையெல்லாம் திரும்ப எடுத்தார்கள். அவளுக்கு வேலை போயிற்று. மேலாளர் சராசரி வாசல் வரை கூடவே வந்தார்.

ஜாமீன் ரத்தான அன்று கோர்ட் வராந்தாவில் சின்னவள் அவளுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் வந்ததும் ஓங்கி அறைந்தாள். முறிந்த விரல் சரியாகக் கூடாத கை, அடித்தவளுக்குத்தான் அதிகம் வலித்தது. இன்னொன்றும் அறைந்தாள். மூத்தவள் முகத்தைத் திருப்பாமல் நின்றாள். திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அவன் அடிப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். கம்பிக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "அவனை நம்பி நான் கதவைத் திறக்கலைக்கா. உன்னை நம்பித் திறந்தேன்."

வாசலில் நின்ற டாக்ஸியில் தனியாக ஏறிப் போனாள். துணிமணிகூட எடுக்க வரவில்லை.

பத்து நாள் பொறுத்து மூத்தவள் கோர்ட் ஆபீசுக்குப் போனாள். கையில் ஒரு பையில் கண்ணுக்குப் போடும் மருந்து, இரண்டு சுடிதார், குழாய் வைத்த டம்ளர். தங்கையைப் பாதுகாப்பு இல்லத்தில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், முகவரி வேண்டாம், இதைச் சேர்த்துவிட்டால் போதும் என்றாள். குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். நல்ல மனிதர், நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டார்.

"வாங்கக் கூடாதும்மா. அவங்க எங்க இருக்காங்கன்னு ரெண்டு பேருக்குத் தெரியவே கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒண்ணு அவங்க வீட்டுக்காரர்" என்றார். "இன்னொண்ணு நீங்க."